பசுமை திரும்பிய மலையடிவாரம்

திருவண்ணாமலை நகரிலிருந்து செங்கம் செல்லும் சாலையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சென்றால், வலப்பக்கத்தில், மலையின் தென்சரிவை ஒட்டினாற்போல் இரமணாசிரமம் அமைந்துள்ளது. சாலையின் இரைச்சலை வாயிலிலேயே விட்டுவிட்டு உள்ளே செல்வோரை முதலில் வரவேற்பது, முற்றத்தில் நிற்கும் முதிய இலுப்பை மரம். அதன் நிழலில் மேனாட்டவரும் ஆந்திரரும் நம் ஊர் உழவரும் வேற்றுமையின்றி அமர்ந்திருப்பர். எங்கிருந்தோ மயில் அகவும். ஆசிரமத்தின் மேற்கே பாலி தீர்த்தம் என்னும் குளம். வடக்கே, நிமிர்ந்து பார்த்தால், மலை. ஏறத்தாழ 2,670 அடி உயரமுள்ள இம்மலையைச் சைவப் பெருமக்கள் இறைவனின் வடிவமாகவே போற்றுகின்றனர். அதனைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், முழுநிலவு நாள்தோறும் இலட்சக்கணக்கான மக்கள் வெறுங்காலுடன் வலம் வருகின்றனர்.

கத்தோலிக்க இல்லங்களில் படிக்கப்படும் ஒரு மாத இதழில் இவ்விடத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். பிற சமயங்களில் காணப்படும் உண்மையும் தூய்மையுமான எதனையும் திருச்சபை ஒதுக்கித் தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டிலேயே நமக்குக் கற்பித்திருக்கிறது. அது ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. உலகம் சூடேறி வருகிறது. என்ன செய்வது, யார் செய்வது என்று அரசுகளும் அறிஞர்களும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர். அந்த வாதங்கள் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், இந்த மலையடிவாரத்தில் சிலர் சத்தமின்றி ஒரு வேலையைச் செய்து வந்தனர். அந்த வேலையின் பயனை இன்று எவரும் கண்ணால் காணலாம். அதனைக் கண்டு வந்ததை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மொட்டையாய் நின்ற மலை

ஆசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமத்துக்கு ஒரு மலைப்பாதை செல்கிறது. கற்கள் பதித்த பாதை. முதியவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம். பாதையின் இருபுறமும் இன்று மரங்கள் நெருங்கி நிற்கின்றன. காலை பத்து மணி வெயிலிலும் நிழலுக்குக் குறைவில்லை. வழியில் சிறுகற்களில் உருவங்கள் செதுக்கி விற்போரும், மோர் விற்போரும் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் ஒரு மூதாட்டியிடம் மரங்களைப் பற்றிக் கேட்டேன்.

"நான் வாக்கப்பட்டு வந்தப்போ இங்க ஒதுங்க ஒரு நெழல் கெடையாதுங்க ஐயா. கல்லு சுட்டுக் காலு கொப்புளிச்சிரும். விறகுக்கு மலைய சுத்தி சுத்தி வருவோம். வேரைக்கூட விடாம தோண்டினோம். வேற என்னத்த வெச்சு ஒல எரிக்கிறது, சொல்லுங்க?" என்றார் அவர்.

அவர் கூறியது மிகையன்று. 1980-களில் எடுக்கப்பட்ட படங்களைப் பார்த்தால், இம்மலை பாறையும் காய்ந்த புல்லுமாகவே காட்சியளிக்கிறது. ஆனால் அதற்கு முந்திய நிலை வேறு. 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், பதினாறு வயதுச் சிறுவனாகத் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த இரமண மகரிஷி, பின்னர் விரூபாட்சிக் குகையிலும் கந்தாசிரமத்திலுமாக 1922 வரை மலைமீதே வாழ்ந்தார். அந்நாள்களில் மலையில் சிறுத்தைகள் நடமாடின என்பதை அவருடைய வரலாற்றில் படிக்கிறோம். சிறுத்தை உலவ வேண்டுமானால் அதற்கு இரை வேண்டும். இரை வாழப் புதர் வேண்டும். அத்தகைய மலை, சில பத்தாண்டுகளில் மொட்டையானது எப்படி?

விறகுக்காக வெட்டினார்கள்; ஆடு மாடுகள் தளிரை மேய்ந்தன; கோடையில் ஓங்கி வளர்ந்து காய்ந்த புல்லில் தீப்பற்றி, எஞ்சிய கன்றுகளையும் கருக்கியது. மரமின்றிப்போன சரிவில் மழைநீர் தங்கவில்லை. மண்ணையும் உடன் வாரிக்கொண்டு ஓடியது. மண் போனபின் விதை விழுந்தாலும் முளைக்க இடமில்லை. ஓர் அழிவு மறு அழிவுக்கு வழிகோலிற்று.

இதில் யாரைக் குறைகூறுவது? சுள்ளி பொறுக்கிய ஏழைப் பெண்ணையா? அவள் வீட்டில் உலை கொதிக்க வேறு வழி இருக்கவில்லை. எரிவாயு அடுப்பு ஏழையர் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்த பின்னரே விறகுச் சுமை பெருமளவு குறைந்தது. காட்டைக் காப்பதென்றால் முதலில் காட்டை நம்பி வாழும் ஏழைக்கு மாற்று வழி காட்ட வேண்டும் என்னும் பாடத்தை, எந்த மாநாட்டுக்கும் செல்லாமல் இம்மலைச்சரிவிலேயே கற்கலாம்.

கன்று நட்டவர்கள்

1987-ஆம் ஆண்டு, ஆசிரமத்தின் அருகே வாழ்ந்து வந்த அபீதா அருணகிரி என்னும் பெண் துறவி, மலையின் நிலை கண்டு மனம் வருந்தி, ஆஸ்திரேலியாவில் மழைக்காடுகளைக் காக்கப் பாடுபட்டு வந்த ஜான் சீட் என்பவருக்குக் கடிதம் எழுதினார். மழைக்காடு வேறு, இந்த வறண்ட மலை வேறு. ஆயினும் அவர் உதவ முன்வந்தார். பிற நாட்டு நண்பர்களின் கொடையும் உள்ளூர் மக்களின் உழைப்பும் சேர்ந்து அண்ணாமலை மீள்காடாக்கச் சங்கம் உருப்பெற்றது. நாற்றங்கால்கள் அமைந்தன. சரிவுகளில் நீர் தங்குவதற்குக் குழிகளும் வரப்புகளும் வெட்டப்பட்டன. மழைக்காலந்தோறும் கன்றுகள் நடப்பட்டன.

அப்பணி பின்னர் வேறு கைகளுக்கும் பரவியது. 'வன வழி' என்று பொருள்படும் 'தி ஃபாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளையினர், வனத்துறையின் இசைவோடு ஆண்டுதோறும் நாட்டு மரக்கன்றுகளை நட்டு வருகின்றனர். அவர்களோடு தொடர்புடைய மருதம் பண்ணைப் பள்ளியின் பிள்ளைகளுக்கு மரம் நடுவதும் மலையை அறிவதும் பாடத்தின் ஒரு பகுதி. அடிவாரத்தில் பிள்ளைகள் விளையாடவும் மரங்களை இனங்காணவும் ஒரு பூங்காவும் உண்டு.

நட்ட மரங்கள் எவை என்பதும் கவனிக்கத்தக்கது. விரைவில் வளரும் என்பதற்காகத் தைலமரத்தை நடவில்லை. இந்த மண்ணுக்குரிய வேங்கை, நாவல், புங்கை, வேம்பு, நெல்லி, மருதம், உசிலை, வெப்பாலை போன்றவற்றின் விதைகளைச் சுற்றுவட்டாரக் காடுகளிலிருந்து திரட்டி வளர்த்தனர். பறவை வந்து உண்ணும் பழமரம் இருந்தால், அடுத்த மரத்தைப் பறவையே நட்டுவிடும் அல்லவா?

ஆனால் நடுவது எளிது. நட்ட கன்று மூன்று கோடைகளைத் தாண்டுவதுதான் அரிது. மாசி பிறந்தால் மலையெங்கும் புல் காய்ந்துவிடும். எவரோ கவனமின்றி எறிந்த ஒரு தீக்குச்சி, பல ஆண்டு உழைப்பை ஓரிரவில் சாம்பலாக்கிவிடும். எனவே கோடைக்கு முன்பே சரிவுகளில் புல்லை அகலமாக அறுத்து அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கின்றனர். தீ தென்பட்டால், நள்ளிரவாயினும் ஆட்கள் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு மலையேறி அடித்து அணைக்கின்றனர். மரம் நடும் நாளில் படம் எடுப்பதற்குப் பலர் வருவர். தீயணைக்கும் இரவில் எவரும் படம் எடுப்பதில்லை. ஆயினும் அந்த இரவுகளில்தான் காடு பிழைத்தது.

இன்று கந்தாசிரமத்துத் திண்ணையில் நின்று கீழே நோக்கினால், கோயிலின் நான்கு பெருங்கோபுரங்களும் நகரமும் மரக்கிளைகளின் இடைவெளியில் தெரிகின்றன. அங்கே ஒரு சுனை உண்டு. சரிவில் மரமிருந்தால் இத்தகைய சுனைகளுக்கு நீர் ஊறும். அடிவாரத்துக் குளங்களுக்கும் தெளிந்த நீர் வந்து சேரும். நம் முன்னோர் மலையைச் சுற்றித் தீர்த்தங்களை வரிசையாக வெட்டி வைத்ததும், ஆசிரமத்துக்குத் தெற்கே சமுத்திரம் ஏரியை அமைத்ததும், மலையில் விழும் ஒவ்வொரு துளியையும் வீணாக்கக் கூடாது என்னும் அறிவினாலன்றோ!

ஒரு மணியையும் சிந்தாதவர்

கீழிறங்கி மீண்டும் ஆசிரமத்துக்குள் வந்தால், பழைய கூடத்தில் அமைதி நிறைந்திருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று மறைந்த மகரிஷியின் போதனைகளைப் பற்றிப் பேசுவது இக்கட்டுரையின் வேலையன்று. அவருடைய அன்றாடப் பழக்கங்களைப் பற்றி உடனிருந்தவர்கள் எழுதி வைத்துள்ள செய்திகளே நமக்கு இங்கு வேண்டியவை.

அவர் தரையில் சிந்திக் கிடக்கும் ஓர் அரிசி மணியையும் கடுகையும் கண்டால் குனிந்து பொறுக்கி எடுப்பாராம். பிறர் எறிந்துவிட்ட தாள்களின் வெற்றுப் பகுதிகளைச் சேர்த்துத் தைத்துக் குறிப்பேடாக்கிக்கொள்வாராம். சமையற்கூடத்தில் கழித்துப்போட்ட கத்தரிக்காய்க் காம்புகளையும் கறியாக்கச் செய்தாராம். உண்பதற்கு வேண்டிய இலைகளைத் தாமே தைப்பதில் வல்லவர். மாங்காய் பறிக்கவென்று ஒருவர் கோலால் மரத்தை அடித்து இலைகளையெல்லாம் உதிர்த்தபோது, பழம் தரும் மரத்துக்குக் காட்டும் நன்றி இதுதானா என்ற பொருளில் கடிந்துகொண்டார் என்பர். ஒரு முறை மலையில் நடந்து செல்கையில் புதரில் இருந்த குளவிக்கூட்டில் அவருடைய கால் பட்டுவிட்டது. கூட்டைக் கலைத்தது தம் காலே என்று கூறி, குளவிகள் கொட்டித் தீரும்வரை அக்காலை அசைக்காமல் நின்றாராம்.

இச்செய்திகளைப் படிக்கும்போது நற்செய்தி நிகழ்ச்சி ஒன்று நம் நினைவுக்கு வராமல் போகாது. ஆண்டவர் ஐந்து அப்பங்களைப் பலுகச் செய்து ஐயாயிரம் பேரின் பசி ஆற்றினார். வானகத் தந்தையின் கையிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் பெறக்கூடியவர் அவர். ஆயினும், எல்லாரும் உண்டு நிறைவடைந்தபின், எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்குமாறு சீடருக்குக் கட்டளையிட்டார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. புதுமையை நாம் ஆண்டுதோறும் பிரசங்கங்களில் கேட்கிறோம். கூடைகளைப் பற்றி எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? நிறைவாகப் பெற்றவனுக்கும் சிந்துவதற்கு உரிமையில்லை என்பதல்லவோ அந்தக் கூடைகள் கூறும் செய்தி!

குகையில் தங்கிய குருவானவர்

இம்மலைக்கும் நம் திருச்சபைக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. பிரெஞ்சு நாட்டு ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான ஹென்றி லெ சோ அடிகளார், 1949-ஆம் ஆண்டு ஜனவரியில், ஜூல் மோன்சானின் அடிகளாருடன் இரமணாசிரமத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டு இருவரும் குளித்தலைக்கு அருகே, காவிரிக் கரையில், தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். சாந்திவனம் என்று நாம் அழைக்கும் இடம் அதுவே. அபிஷிக்தானந்தா என்னும் பெயர் பூண்ட லெ சோ அடிகளார், 1952-க்குப் பின் சில ஆண்டுகள் அவ்வப்போது வந்து அண்ணாமலையின் குகைகளில் தனித்துத் தங்கிச் செபித்தார்.

அவருடைய சிந்தனைகளுள் சிலவற்றைப் பற்றி இறையியலார் இன்றும் ஆராய்கின்றனர். அதனை அவர்களுக்கே விடுவோம். நம் கவனத்துக்குரியது அவர் மேற்கொண்ட எளிமை. காவியாடை, பாய், பிச்சைச் சோறு, பாறைக்குகை. ஐரோப்பாவில் வசதியாகத் துறவு மடத்தில் வாழ்ந்திருக்கக்கூடியவர், ஏழை இந்தியனுக்குப் போதுமானது தமக்கும் போதும் என்று தீர்மானித்தார். அசிசியின் பிரான்சிசு சென்ற அதே வழி. 1979-ஆம் ஆண்டு இரண்டாம் ஜான் பவுல் திருத்தந்தை அந்த அசிசியாரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். பறவைகளிடம் பேசியவர் என்பதற்காக மட்டுமா? தேவைக்கு மிஞ்சியதைத் தொடாதவர் என்பதற்காகவும் அல்லவா? படைப்பின்மீது அன்பும் மனமுவந்த ஏழ்மையும் அவரிடத்தில் ஒன்றாகவே இருந்தன.

மலை சரிந்த நாள்

இவ்வளவும் கூறியபின், துயரமான ஒரு நிகழ்ச்சியையும் கூறியே ஆக வேண்டும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் எழுந்த ஃபெஞ்சல் புயல், புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின்னும் கலையாமல், வடமாவட்டங்களின்மேல் பெருமழையைக் கொட்டியது. டிசம்பர் முதல் நாள் மாலை, மலையின் நகரை நோக்கிய சரிவில், வ.உ.சி. நகரில் பாறையும் சேறும் சரிந்து வீட்டின்மேல் விழுந்தன. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர் சிறுமியர். அதே இரவில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மிகுதியான நீர் திறந்துவிடப்பட்டு, கீழேயுள்ள ஊர்கள் பல வெள்ளத்தில் மூழ்கின. மலையின் மண் இளகிப்போயிருந்தமையால், அவ்வாண்டு டிசம்பர் 13 அன்று நடந்த கார்த்திகைத் தீபத் திருவிழாவில் பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

மலையில்தான் மரம் வளர்ந்துவிட்டதே, பின் ஏன் சரிந்தது என்று கேட்கத் தோன்றும். மரவேர் மண்ணைப் பிடிக்கும். நீரைச் சற்றே தாமதப்படுத்தும். ஆனால் பல வாரங்களில் பெய்ய வேண்டிய மழை ஓரிரு நாள்களில் பெய்தால், வேரின் வலிமைக்கும் எல்லை உண்டு. கடல் சூடேறினால் காற்று மிகுதியான நீராவியைச் சுமக்கிறது. ஆகவே பெய்யும்போது பெருமழையாகப் பெய்கிறது என்று அறிவியலார் விளக்குகின்றனர். எந்த ஒரு புயலையும் இதனால் வந்தது என்று ஒற்றைக் காரணம் காட்டிச் சொல்லிவிட இயலாது. ஆயினும் இத்தகைய மழைகள் இனி அடிக்கடி வரும் என்பதில் அவர்களிடையே ஐயமில்லை.

மேலும் ஒன்று. சரிவான, ஆபத்தான இடத்தில் வீடு கட்டி வாழ்பவர் யார்? சமதளத்தில் மனை வாங்க வசதியுள்ளவர் அங்கே செல்வதில்லை. முன்பு சுள்ளி பொறுக்கியவளும் ஏழை. இன்று பாறைக்கடியில் சிக்கியவர்களும் எளியவர்கள். பூமியின் கதறலும் ஏழையின் கதறலும் வெவ்வேறல்ல என்று, 2015-ஆம் ஆண்டு வெளியான 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் பிரான்சிசு திருத்தந்தை எடுத்துரைத்தார். அந்த உண்மை இம்மலையடிவாரத்தில் நம் கண்முன் நிற்கிறது.

வாதமும் வேலையும்

நம் பங்குகளில் இளைஞர் கூட்டங்களில் இப்பொருள் பேசப்படும்போது ஒரு வாதம் தவறாமல் எழுகிறது. "நான் மஞ்சப்பை தூக்கினால் உலகம் குளிர்ந்துவிடுமா? தொழிற்சாலைகளையும் பணக்கார நாடுகளையும் அல்லவா கேட்க வேண்டும்?" என்று ஓர் இளைஞர் கேட்பார். "அவரவர் வீட்டைச் சரிசெய்துகொண்டால் ஊர் தானே சரியாகும்" என்று ஒரு பெரியவர் மறுமொழி கூறுவார். கூட்டம் அத்துடன் கலைந்துவிடும்.

இளைஞர் கூறுவதில் நியாயம் உண்டு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. ஆண்டுக்கு ஓர் அமெரிக்கரின் பங்கு ஏறத்தாழ 14 டன். ஓர் இந்தியரின் பங்கு ஏறத்தாழ 2 டன். வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்த முயல்வதென 2015-இல் பாரிசு நகரில் நாடுகள் உடன்பட்டன. 2024-ஆம் ஆண்டோ, அந்த அளவைத் தாண்டிய முதல் ஆண்டாகப் பதிவாயிற்று. இதற்கு மஞ்சப்பை மட்டும் விடையாகாது. அரசுகளும் தொழில் அதிபர்களும் பதில் கூறியே ஆக வேண்டும்; நீதியைக் கேட்பது கிறிஸ்தவனின் கடமை. 2023-இல் வெளியிட்ட 'இறைவனைப் புகழுங்கள்' என்னும் அறிவுரை மடலிலும் பிரான்சிசு திருத்தந்தை நாடுகளின் தயக்கத்தை வெளிப்படையாகவே கண்டித்தார்.

பெரியவர் கூறுவதிலும் உண்மை உண்டு. அண்ணாமலையில் கன்று நட்டவர்கள், பாரிசு உடன்படிக்கை ஏற்படட்டும் என்று காத்திருந்தார்களா? அவர்கள் தொடங்கியது அதற்கு ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன். காத்திருந்திருந்தால் இன்றும் அங்கே பாறைதான் இருக்கும். அதே வேளையில், அவர்கள் வேலையோடு நின்றுவிடவும் இல்லை. 2015-ஆம் ஆண்டளவில் கிரிவலப் பாதையை அகலப்படுத்துவதற்காக மரங்கள் வெட்டப்பட்டபோது, மரங்களுக்காகக் குரல் எழுந்தது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. கன்று நட்டு வளர்த்த ஊர் என்பதாலேயே அந்தக் குரலுக்கு வலிமை இருந்தது. ஒரு மரத்துக்கும் நீர் ஊற்றாதவன் காட்டுக்காக முழங்கினால் கேட்போர் நகைப்பர். ஆதலின் வாதம் ஒருபுறம், வேலை ஒருபுறம் என்று பிரிக்க வேண்டியதில்லை. வேலை செய்யும் கைக்கே வாதிடும் உரிமை முழுமையாக வாய்க்கிறது.

நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும்

கிரிவலப் பாதையில் முழுநிலவுக்கு மறுநாள் காலையில் நடந்தால், அன்னதானம் உண்டு எறிந்த தட்டுகளும் நெகிழிக் குவளைகளும் பல இடங்களில் குவிந்து கிடப்பதைக் காணலாம். துப்புரவுப் பணியாளர் அவற்றை மூட்டை மூட்டையாக அள்ளுவர். அதனைக் கண்டு நாம் முகம் சுளிப்பதற்கு முன், நம் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகளின் பாதையை நினைத்துப் பார்ப்பது நல்லது. ஆகஸ்டு இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கிடப்பவை என்ன? செபமாலை ஒரு கையில், தண்ணீர்ப் பொட்டலம் மறு கையில்; பொட்டலம் காலியானதும் அது வயலில். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்தே தடை செய்துள்ளது. சட்டத்துக்கு அஞ்சியா நாம் திருந்த வேண்டும்?

பங்குகளில் செய்யக்கூடியவை பல உள. பெருஞ்செலவு எதற்கும் தேவையில்லை.

கல்லறைத் திருநாளில் நெகிழிப் பூமாலைகளை வாங்கிச் சார்த்துகிறோம். அவை நம் முன்னோரின் எலும்புகள் மட்கியபின்னும் மட்காமல் கிடக்கும். சாமந்தியும் செவ்வந்தியும் நம் உழவர் வளர்ப்பவை, அவை போதும். கிறிஸ்து பிறப்புக் குடிலுக்குத் தெர்மக்கோல் எதற்கு? வைக்கோலில் பிறந்தவருக்கு வைக்கோலே தகுந்தது. புதுநன்மைக்கும் குருப்பட்டத்துக்கும் தெருவெங்கும் கட்டும் பிளெக்சு தட்டிகளின் செலவில், ஆலய வளாகத்தில் ஒரு மழைநீர்த் தொட்டி கட்டிவிடலாம். 2003-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பல ஆலயங்களில் குழாய் மட்டும் இருக்கிறது. தொட்டி தூர்ந்து போயிருக்கிறது. பரந்த ஆலயக் கூரையில் விழும் மழையெல்லாம் சாக்கடைக்குச் செல்வது, அப்பக் கூடைகளைக் கவிழ்ப்பதற்கு ஒப்பாகும்.

திருவிழா அசன விருந்தில் எஞ்சும் சோற்றை என்ன செய்கிறோம் என்பதையும் அன்பியக் கூட்டங்களில் ஒருமுறை பேசலாம். குழியில் கொட்டப்பட்ட சோறு அழுகி வெளியிடும் மீத்தேன் வாயு, கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. ஆகவே இலையில் மிச்சம் வைக்காமல் உண்ணுமாறு பிள்ளைக்குத் தாய் சொல்லும் பழைய புத்திமதி, இன்று உலக நன்மைக்கான அறிவுரையும் ஆகிவிட்டது.

மரம் நடும்போது எண்ணிக்கையைப் பெருக்க வேண்டாம். சூன் 5 அன்று நூறு கன்று நட்டு, ஆகஸ்டில் நூறும் வாடுவதைவிட, ஒரு குடும்பத்துக்கு ஒரு கன்று என்று ஒப்படைத்து, மூன்று கோடைகள் அது அக்குடும்பத்தின் பொறுப்பு என்று எழுதிக்கொள்வது மேல். பிள்ளையின் ஞானஸ்நான நாளில் ஒரு வேம்போ புங்கையோ நட்டால், பிள்ளை புதுநன்மை வாங்கும்போது அதன் நிழலில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். கல்லறைத் தோட்டத்தின் ஓரங்களில் நாவல், இலுப்பை, மருதம் முதலிய நாட்டு மரங்களுக்கு இடம் உண்டு. நிலம் இல்லாத வீட்டார் விதை சேகரிக்கலாம். அதுவும் இல்லையேல், தெருமரம் ஒன்றுக்குக் கோடையில் குடம் நீர் ஊற்றலாம்.

ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் நாளைப் படைப்பின் பராமரிப்புக்கான உலக செப நாளாகக் கடைப்பிடிக்குமாறு, 2015-ஆம் ஆண்டு பிரான்சிசு திருத்தந்தை பணித்தார். அன்று தொடங்கி, அசிசியாரின் திருநாளாகிய அக்டோபர் 4 வரை படைப்பின் காலம் என்று போற்றுகிறோம். அண்ணாமலைக்கு அந்த மதுரைச் சிறுவன் வந்து சேர்ந்ததும் ஒரு செப்டம்பர் முதல் நாளே என்பது தற்செயலான ஒற்றுமையாக இருக்கலாம். ஆயினும் அந்த நாளில் நம் பங்குகள் எழுப்பும் செபத்தில், சரிவில் உயிரிழந்த அந்த ஏழு பேரையும் நினைவுகூர்வது தகும்.

ஆதியில் மனிதனை இறைவன் தோட்டத்தில் வைத்தது, அதனைப் பண்படுத்தவும் காக்கவுமே என்று தொடக்க நூல் கூறுகிறது. பண்படுத்துவதை நாம் நன்றாகவே செய்துவிட்டோம். வேண்டிய அளவுக்கு மேலும் செய்துவிட்டோம். காப்பது எப்படி என்பதற்கு அண்ணாமலையின் தென்சரிவு ஒரு சான்று. மொட்டைப் பாறை முப்பத்தைந்து ஆண்டுகளில் நிழல் தரும் காடானது புதுமையால் அன்று. ஒவ்வொரு கோடையும் சலிக்காமல் குடம் சுமந்தவர்களாலும், ஒவ்வோர் இரவும் தீக்கு எதிரே நின்றவர்களாலும் ஆனது. அத்தகைய கைகள் நம் பங்குகளிலும் இருக்கின்றன. இவ்வாண்டு மழை தொடங்கும் முன்னரே குழி வெட்டி வைப்போம். அடுத்த கோடைக்கு யார் நீர் ஊற்றுவது என்பதையும் இன்றே முடிவு செய்வோம்.